பொருநை மணலும் போரானும்

பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரையில் மக்கள் தண்ணீரை எப்படிச் சோதித்துக் குடித்தார்கள் என்று கேட்டால், நெடுங்காலத்துக்கு ஒரே விடைதான்: கண்ணால் பார்த்தார்கள், வாயில் ஊற்றிப் பார்த்தார்கள். கலங்கல் இல்லை, கரிப்பு இல்லை என்றால் அது நல்ல தண்ணீர். ஆதிச்சநல்லூரிலும் சிவகளையிலும் தாழி புதைத்தவர்கள் முதல் நூறு வருஷத்துக்கு முந்தைய நம் கொள்ளுத் தாத்தாக்கள் வரை யார் கையிலும் இதைவிடப் பெரிய சோதனைச்சாலை இருந்ததில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் குடிநீர் வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பார்க்கும்போது ஒரு போக்கு தெரிகிறது. தண்ணீரைச் சுத்தம் செய்ய வந்த ஒவ்வொரு முறையும் அழுக்கை எடுத்தது. கூடவே, அழுக்கு இருப்பதைக் காட்டிக்கொடுத்த அடையாளத்தையும் எடுத்துக்கொண்டு போனது. மணல் கலங்கலை எடுத்ததும் கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வு உப்பை எடுத்ததும் நாக்குக்கும் வேலை இல்லாமல் போகிறது. இரண்டு காவலும் ஓய்ந்த பிறகு தண்ணீரில் மிஞ்சுகிற பொருள்களில் ஒன்று போரான். அதைப் பிடிக்க உலக ஆய்வுக்கூடங்களில் இன்று முயன்று பார்க்கப்படும் பொருள்களில் ஒன்று, மணலின் மூலப்பொருளான அதே சிலிக்கா, நுண்துளைகளோடு புதிதாகச் செய்யப்பட்ட வடிவில். இந்த வரலாற்றை ஆற்று மணலிலிருந்து தொடங்கினால்தான் போரான் ஏன் நம் கவலை என்பது விளங்கும்.

பொதிகையில் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை வாங்கிக்கொண்டு, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலில் விழுகிறது இந்த ஆறு. வழிநெடுகப் பழம்பாறை நிலம். அது உதிர்ந்து வந்த மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிக்கா. கோடையில் ஆறு ஓரமாக ஒதுங்கி ஓடும்போது பெண்கள் ஓடும் தண்ணீரை மொள்ளாமல், நாலு எட்டு தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டினார்கள். கையால் மணலை அள்ளிப் போட்டால் முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் சுற்றுச் சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து நிறையும். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும். அதைச் சிரட்டையால் இறைத்து வெளியே கொட்டிவிட்டு, மறுபடி ஊறும்வரை காத்திருந்து, குடத்தின் வாயில் துணி கட்டிச் சிரட்டை சிரட்டையாக மொண்டு ஊற்றுவார்கள். ஆடுமாடு இறங்கிய தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஊற்றில் ஊறுவதோ பளிங்குபோல இருக்கும். மழைக்காலத்தில் ஆறு செம்மண் நிறத்தில் பெருகி வரும்போது ஊற்றுக்கு வழியில்லை. அப்போது தேற்றாங்கொட்டை கைகொடுத்தது. மண்பானையின் உட்புறத்தில் கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைத்தால், கொட்டையிலிருந்து கரையும் பசைப்பொருள் மிதக்கும் களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடியில் இறக்கிவிடும். கலித்தொகைக் காலத்திலேயே அறியப்பட்டிருந்த முறை இது.

ஊற்றுமணல் உண்மையில் என்ன செய்தது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உலகுக்கே தெளிவாயிற்று. லண்டனில் 1829-இல் செல்சி நீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் மணல் வடிகட்டி கட்டியபோது அவருடைய நோக்கம் கலங்கலை நீக்குவதுதான். கிருமி என்ற எண்ணமே அப்போது வேரூன்றவில்லை. 1892-இல் ஜெர்மனியில் காலரா பரவியபோது, எல்பே ஆற்றுத் தண்ணீரை அப்படியே குடித்த ஹாம்பர்க் நகரில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆற்றுத் தண்ணீரை மணலில் வடித்துக் குடித்த பக்கத்து ஊரான ஆல்டோனா பெருமளவு தப்பியது. ராபர்ட் கோக் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டிய பிறகே மணலின் அருமை புரிந்தது. மணற்படுகையின் மேற்பரப்பில் சில அங்குலத்துக்குள் நுண்ணுயிர்கள் படலமாக வளர்ந்து, வரும் கிருமிகளைத் தின்றுவிடுகின்றன. மணி மணியான சிலிக்கா அவற்றுக்கு வீடு. சென்னைக்குக் கீழ்ப்பாக்கத்தில் 1914-இல் மணல் வடிகட்டி நிலையம் வந்தது. பொருநைக் கரையில் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே பெண்கள் அதே வேலையைச் செலவில்லாமல் ஆற்றிடம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஊற்றுத் தண்ணீரால் நோயே வந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். மணல் கிருமியைக் குறைக்கும், முற்றாக அழிக்காது. ஆனால் கண்ணுக்குத் தெளிவாக இருப்பது உடம்புக்கும் நல்லது என்ற நம்பிக்கை இந்த ஊரில் வேரோடியதற்குக் காரணம், பெரும்பாலான நாள்களில் அது உண்மையாகவே இருந்ததுதான்.

இந்த நம்பிக்கை கடற்கரைக்குப் போகும்போது அளவுக்கு மீறிவிட்டது. திருச்செந்தூர்க் கோயிலுக்கு அருகே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், பெரிய கிணறு ஒன்றுக்குள் ஓரடிச் சதுரமே உள்ள நாழிக்கிணறு இருக்கிறது. சூரனை வென்ற படைகளின் தாகம் தீர்க்க முருகன் வேலால் உண்டாக்கியது என்பது தலபுராணம். அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளாமல் வருகிற பக்தர் குறைவு. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் கிடைப்பதைப் பார்த்து, கடல்நீரை மணல் வடித்து இனிப்பாக்குகிறது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். மணலுக்கு அந்தச் சக்தி கிடையாது. கடலோர மணலில் இறங்கிய மழைநீர், அதைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்று ஹாலந்தின் பாடன் கெய்பனும் ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டித் தனித்தனியே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அளவோடு இறைத்தால் இனிக்கும். அதிகம் இறைத்தால் உப்பு மேலேறும். கரைந்துபோன பொருளை ஆற்றுமணல் பிடிக்காது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மணல் துகளைத் தடுக்கும், நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுத்துக் கிருமியைக் கொல்ல வைக்கும். உப்பும் போரானும் அதன் இடுக்குகளில் தடையில்லாமல் கடந்துபோகும்.

ஆகவே கடலோர ஊர்களுக்கு இனிப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆற்றைத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. 1866-இல் நகராட்சியான தூத்துக்குடி, துறைமுகத்தால் செழித்த அளவுக்குத் தண்ணீருக்குத் தவித்த ஊர். ஊர்க் கிணறுகள் உவர்ப்பு. நகராட்சித் தலைவராகப் பலமுறை இருந்த ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து, இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்துக்காகப் போராடி வென்றார். இன்றும் அந்த நகரம் அவரைத் தன் தந்தை என்று கொண்டாடுவது இதற்காகத்தான். அதன் பிறகு எல்லா ஊரும் இதே வழியில் வந்தன. ஆற்றின் மணற்படுகைக்குள் உறைகிணறுகள் இறக்கி, மணல் வடித்துக் கொடுத்த தண்ணீரை மோட்டார் வைத்து எடுத்தார்கள். ஊற்றுத் தோண்டிய பெண்ணின் முறைதான், உறையும் பம்பும் சேர்ந்தன. 1971-இல் தோன்றிய குடிநீர் வடிகால் வாரியம் இதைக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களாக விரித்து, திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பகுதிகளைத் தாண்டி விருதுநகர் வரை கொண்டுபோயிற்று. ஆற்றில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் ஏழு பழைய ஆட்சிகள் கட்டியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஆங்கிலேயர் காலத்தில் 1870களில் முடிந்தது. கீழ்க்கோடி நெல்வயல்களுக்காகக் கட்டிய அந்த அணையிலிருந்துதான் பிற்பாடு தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன் தண்ணீர் எடுக்கும் திட்டம் வந்தது. விவசாயிகள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. இதற்கிடையே லாரி லாரியாக மணல் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. பலர் அதை ஆற்றின் அழகைக் காக்கும் வழக்காகப் பார்த்தார்கள். என் பார்வையில் அது நான்கு மாவட்டங்களின் வடிகட்டியைக் காக்கும் வழக்கு.

ஆற்றின் மேல் இவ்வளவு பாரம் ஏறியதும் கண்கள் கடல்பக்கம் திரும்பின. தூத்துக்குடி மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வருகிற ராமநாதபுரம் மாவட்டத்து நரிப்பையூரில் 1990களின் இறுதியில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் தரக்கூடிய, கடல்நீரைச் சவ்வில் வடிக்கும் ஆர்ஓ ஆலை வந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு முதலில் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரைக் கொண்டுவருவதாகத் திட்டம். கன்னியாகுமரி விவசாயிகள் எதிர்த்தார்கள். கடைசியில் நிலையத்துக்குள்ளேயே கடல்நீரைக் காய்ச்சி ஆவியாக்கிக் குளிரவைக்கும் ஆலையை நிறுவினார்கள். சென்னைக்கு 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் ஆறு கோடி லிட்டர் ஆலை அமைக்கும் சிப்காட் திட்டம் பல வருஷமாகப் பேசப்பட்டு வருகிறது. தொழிற்சாலை கடல்நீரைக் குடித்தால் ஆறு விவசாயிக்கு மிஞ்சும் என்ற நியாயம் அதன் பின்னால் இருக்கிறது. அந்த நியாயத்தை நானும் ஏற்கிறேன்.

இனி போரான். நம் வீடுகளுக்கு அது புதிய பொருள் அல்ல. தங்க ஆசாரி பற்றவைக்கும்போது வைக்கும் வெண்காரம் போரானின் உப்பு. கேரம் பலகையில் தூவும் மாவு போரிக் அமிலம். கடல்நீரில் லிட்டருக்குச் சராசரி 4.5 மில்லிகிராம் போரான் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில், மக்னீசியத்தோடு சேர்ந்து இதுவும் செறிந்து நிற்கும். போரானுக்கு நிறமில்லை, மணமில்லை, நாம் சந்திக்கும் அளவுகளில் சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. திருநெல்வேலி மாவட்டத்தில் தண்ணீரில் உள்ள போரானை இமை கொட்டாமல் கவனிக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது கூடங்குளம் அணு உலைதான். அங்கே உலையைக் குளிர்விக்கும் தண்ணீரில் போரிக் அமிலத்தை வேண்டுமென்றே கலக்கிறார்கள், ஏனென்றால் போரான்-10 என்ற வகை நியூட்ரான்களை விழுங்கி உலையின் வேகத்தை அடக்குகிறது. எரிபொருள் புதிதாக இருக்கையில் அதிகம் வேண்டும், பழையதாக ஆக ஆகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்; கடைசிக் கட்டத்தில் அயனிமாற்றுப் பிசின் வழியாகத் தண்ணீரை விட்டுப் போரானைப் பிடித்தெடுப்பார்கள். அங்கே போரானை எடுப்பது அன்றாட வேலை. வேலிக்கு வெளியே குடிநீர் விஷயத்தில் அந்தப் பெயரே அடிபடுவதில்லை.

அடிபட வேண்டிய காரணத்தை ஒரு சிறு கணக்குக் காட்டும். ஆற்றுமுகத்துவாரத்தை ஒட்டிய கிணற்றில் பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போரான் 0.45 மில்லிகிராம் ஏறும். ஆனால் அதோடு லிட்டருக்கு மூன்றரை கிராம் உப்பும் ஏறியிருக்கும். ஒரு வாய் வைத்ததுமே துப்பிவிடுவோம். அதாவது, இயற்கையில் கடலிலிருந்து வரும் போரானுக்கு உப்பே எச்சரிக்கைப் பலகை. ஆர்ஓ ஆலையில் இந்தப் பலகை பிடுங்கப்படுகிறது. சவ்வு, மின்னேற்றம் உள்ள அயனிகளை விரட்டுவதில் கெட்டி. சோடியமும் குளோரைடும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நின்றுவிடும். கடல்நீரில் போரானின் பெரும்பகுதி மின்னேற்றமற்ற போரிக் அமிலமாக, தண்ணீர் மூலக்கூற்றைப் போலச் சிறியதாக இருக்கிறது. அதனால் சாதாரண நிலையில் பத்தில் ஒன்றிலிருந்து இரண்டு பங்கு வரை சவ்வைத் தாண்டிவிடுகிறது. 85 சதவீதம் தடுத்தாலும் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் மிஞ்சும். அதே தண்ணீரில் உப்பு நாக்குக்கே தெரியாத அளவுக்கு இறங்கியிருக்கும். குடித்தால் இனிக்கிற, பார்த்தால் தெளிந்த, ஆனால் போரான் உள்ள தண்ணீர் என்பது மனித வரலாற்றில் அரிதாக இருந்த ஒன்று. அதை ஆலை வைத்து உற்பத்தி செய்யத் தொடங்கியிருக்கிறோம். கூடங்குளம் போலக் காய்ச்சி எடுக்கும் ஆலையில் இந்தச் சிக்கல் ஏறத்தாழ இல்லை. போரிக் அமிலம் ஆவியோடு அவ்வளவாக வராது. சவ்வு மலிவு என்பதால் உலகம் சவ்வுக்கு மாறியது, சிக்கலும் சவ்வோடு வந்தது.

இதற்கு எதிராக முதலில் எழும் கேள்வி: 0.7 மில்லிகிராம் யாரைக் கொன்றுவிடப் போகிறது? நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் 1993-இல் 0.3 என்று வைத்த வரம்பை 1998-இல் 0.5 ஆக்கி, 2011-இல் 2.4 மில்லிகிராமுக்கு உயர்த்திவிட்டது. மனித உடம்பைப் பொறுத்தவரை பழைய பயம் மிகை என்று ஆய்வுகள் காட்டியதால் வந்த மாற்றம் அது. அதை மறைத்துப் பயம் காட்டுவது நேர்மையல்ல. ஆனால் தண்ணீரைக் குடிப்பவன் மனிதன் மட்டுமில்லை. பயிருக்குப் போரான் இல்லாமலும் முடியாது, கூடினாலும் ஆகாது. அது பயிர் வாழத் தேவை என்பதை 1923-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் கேதரின் வாரிங்டன் அவரைச் செடிகளை வைத்து நிறுவினார். அடுத்த சில வருஷங்களிலேயே தென் கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களில் இலைநுனி கருகி உதிர்ந்ததற்குப் பாசனநீரில் இருந்த போரானே காரணம் என்று கண்டார்கள். தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள சத்து வேறு அதிகம் இல்லை. உலக உணவு வேளாண்மை அமைப்பு 1985-இல் வெளியிட்ட பட்டியலில் எலுமிச்சைக்கு வரம்பு 0.5 மில்லிகிராமுக்குக் கீழே. பாசிப்பயறு, எள், நிலக்கடலை ஆகியவை ஒரு மில்லிகிராமைத் தாண்டினால் வாடும் வரிசையில் இருக்கின்றன. புளியங்குடிச் சந்தையின் எலுமிச்சையையும், தூத்துக்குடி மாவட்டக் கரிசலின் பயறையும் எள்ளையும் அறிந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகப் படாது. கடல்நீர் ஆலைத் தண்ணீர் இன்று அந்த வயல்களுக்குப் போகவில்லை, உண்மை. ஆனால் நகரம் குடித்த தண்ணீர் கழிவுநீராகிச் சுத்திகரிக்கப்பட்டு மரத்துக்கும் வயலுக்கும் போக வேண்டும் என்பதுதானே எல்லா நகராட்சிகளின் இன்றைய திட்டமும்? போரான் கழிவுநீர் நிலையத்தில் குறையாது; துணிசோப்பிலிருந்து கொஞ்சம் கூடவும் செய்யும். இஸ்ரேல் இதை முன்பே கணக்கில் எடுத்தது. 2005-இல் திறந்த அஷ்கெலோன் ஆலையின் தண்ணீரில் போரான் 0.4 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று வைத்தார்கள். குடிப்பவர்களின் உடல்நலத்தைவிட, அந்தத் தண்ணீர் மறுசுழற்சியாகிப் போய்ச் சேரும் தோட்டங்கள்தான் அதற்குப் பெரிய காரணம். நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2012-இல் குடிநீருக்கு 0.5 என்ற ஏற்கத்தக்க அளவை எழுதியது.

போரானை எப்படிப் பிடிப்பது? வேதியியலில் இதற்கு ஒரு பழைய திறவுகோல் உண்டு. அடுத்தடுத்து ஹைட்ராக்சில் கைகள் நீட்டியிருக்கும் சர்க்கரை வகை மூலக்கூறுகளைக் கண்டால் போரிக் அமிலம் பற்றிக்கொள்ளும். 1957-இல் அமெரிக்காவில் லைமன், பிரியஸ் என்ற இருவர், என்-மெத்தில்குளுக்கமின் என்னும் அத்தகைய மூலக்கூற்றைப் பிளாஸ்டிக் பிசின் மணிகளில் தைத்துக் காப்புரிமை பெற்றார்கள். உப்பு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போரானை மட்டும் பொறுக்கும் பிசின் அது. இன்றும் சந்தையில் உள்ளது. சிலிக்கா இதில் நுழைந்தது பின்னால். 1992-இல் மொபில் எண்ணெய் நிறுவனத்து ஆய்வாளர்கள், சோப்பு போன்ற மூலக்கூறுகளைச் சுற்றிச் சிலிக்காவைப் படியவைத்து, பிறகு சோப்பை எரித்தெடுத்து, சீரான துளைகள் கொண்ட எம்சிஎம்-41 என்ற பொருளைச் செய்தார்கள். 1998-இல் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் துளை இன்னும் அகன்ற எஸ்பிஏ-15 வந்தது. தேன்கூட்டை நறுக்கிப் பார்த்ததுபோல் அறுகோண அறைகள். ஆனால் ஒவ்வொன்றின் அகலமும் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு. ஒரு கிராம் தூளின் உட்பரப்பை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டரை நெருங்கும். அந்தச் சுவர்களில் சர்க்கரை வகை மூலக்கூறுகளை ஒட்டிப் போரானை எடுக்கலாம் என்று 2004-இல் ஸ்பெயினின் வலென்சியா குழு காட்டியது. 2005-இல் துருக்கியின் இஸ்மிரிலிருந்து குளுக்கமின் ஒட்டிய எம்சிஎம்-41 பற்றிய ஆய்வு வந்தது. உலகப் போரான் இருப்பில் பெரும்பங்கை மண்ணுக்குள் வைத்திருக்கும் நாடு துருக்கி. சுரங்கக் கழிவு அங்கே ஆற்றிலும் பாசனத்திலும் கலந்ததைக் கண்டவர்கள் இதில் அக்கறை காட்டியதில் வியப்பில்லை.

ஆற்றுமணலையும் இந்தத் தூளையும் ஒரே வரலாற்றில் கட்டுவது பெயர் ஒற்றுமையை வைத்து முடிச்சுப் போடுவது என்று ஒருவர் சொல்லலாம். ஆற்றுமணல் கெட்டிப் படிகம். உள்ளே துளை கிடையாது. அது தடுத்து நிறுத்துகிறது, இது ஒட்டிப் பிடிக்கிறது. வேறுபாடு உண்மைதான், அதைத்தான் நானும் வற்புறுத்துகிறேன். மணல் எதை எடுக்கும், எதை விடும் என்பதைப் பிரித்து அறியாமல் தெளிவையே சுத்தமாக எடுத்துக்கொண்டதன் விளைவு நாழிக்கிணற்றுக் கதையில் தெரிந்தது. அதே தவற்றைச் சவ்விடமும் செய்யாதிருக்க, எந்தப் பொருள் எந்த வழியில் வேலை செய்கிறது என்று அறிந்தாக வேண்டும். இன்னொரு உறவும் உண்டு. நெல் தன் உடலில் சிலிக்காவைத் தேக்கும் பயிர். அதில் பெரும்பகுதி உமியில் போய்ச் சேர்கிறது. ஒரு டன் நெல் குத்தினால் ஏறத்தாழ 200 கிலோ உமி, அதை முழுக்க எரித்தால் 40 கிலோ சாம்பல், அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறை இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருக்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கிய ஏஎஸ்டி ரகங்கள் விளையும் வயலிலிருந்து ஆலைக்குப் போய், கொதிகலனில் எரிந்து, குப்பைமேட்டில் விழும் சாம்பல் நுண்துளைச் சிலிக்காவுக்கு நல்ல மூலப்பொருள். காரத்தில் கரைத்து எடுத்த உமிச் சிலிக்காவிலிருந்து எம்சிஎம்-41 வகைகளைச் செய்துகாட்டிய ஆய்வுகள் பல நாடுகளில் வந்துள்ளன.

ஆனால் இந்தச் சிலிக்கா நாளைக்கே முள்ளக்காட்டில் நிற்கும் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அதன் பலவீனங்கள் சின்னவை அல்ல. ஆறு கோடி லிட்டரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் போரானைக் குறைக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 12 கிலோ போரானைப் பிடிக்க வேண்டும். ஒரு கிராம் தூள் ஐந்து மில்லிகிராம் பிடிக்கும் என்று கொண்டால், தினமும் 2.4 டன் தூள் நிறைந்துவிடும். அதைத் தூக்கி எறிய முடியாது. அமிலத்தால் கழுவிப் போரானை விடுவித்து, பிறகு காரத்தால் நடுநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி பயன்படுத்த வேண்டும். இங்கேதான் சிலிக்காவுக்குச் சோதனை: காரம் பட்டால் அது கரையத் தொடங்கும், ஒட்டிய மூலக்கூறுகளும் கழன்று போகும். பிளாஸ்டிக் பிசினுக்கு இந்தத் தொல்லை குறைவு. துளை வார்க்கும் சோப்புப் பொருளும் ஒட்டுவதற்கான சிலேன் சேர்மங்களும் விலை அதிகம். கழுவிய அமிலநீரில் செறிந்த போரானை எங்கே கொட்டுவது என்பது தனிக் கேள்வி. ஆலை கழிக்கும் செறிந்த உப்புநீரோடு சேர்த்துக் கடலில் விடுவதென்றால், பவளத்திட்டுகள் நிறைந்த மன்னார் வளைகுடாவில் எதையும் கணக்குப் பார்க்காமல் விடக்கூடாது. சவ்வுத் தண்ணீரில் காரத்தைக் கூட்டி, போரிக் அமிலத்தை மின்னேற்றம் பெறவைத்து, இரண்டாம் முறை சவ்வில் செலுத்தும் முறை நடைமுறையில் தேறியது. மின்சாரமும் சோடாக்காரமும் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். ஆகவே இன்றைக்கு ஆலை கட்டுபவருக்கு நான் இரண்டாம் சவ்வையோ பழைய பிசினையோதான் சொல்வேன். சிலிக்காவுக்கு இடம் ஆய்வுக்கூடத்தில். அங்கே அதன் துளைகள் அகலமாகவும் திறந்தும் இருப்பதால் போரான் விரைவாக உள்ளே போய் ஒட்டுகிறது என்பது பிசினால் எளிதில் எட்ட முடியாத நன்மை. சிம்ப்சனின் மணல் வடிகட்டி கலங்கலுக்காகக் கட்டப்பட்டு அறுபது வருஷம் கழித்தே காலராவுக்கு விடையானது. நீர்ச் சுத்திகரிப்பில் ஒரு பொருளின் உண்மையான வேலை அதைச் செய்தவர் நினைத்ததாகவே இருக்கும் என்பதில்லை.

அதுவரை செய்யக்கூடிய வேலை ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது: அளந்து பார்ப்பது. கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டாத போரானை மஞ்சளின் நிறமியான குர்குமின் காட்டிக்கொடுக்கும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் அமிலம் சேர்ந்த குர்குமின் கரைசலை நான்கு மில்லிலிட்டர் விட்டு, 55 டிகிரி வெந்நீர்த் தொட்டியின் மேல் கிண்ணத்தை வைத்து வற்றவிட்டால், போரான் இருக்கும் கிண்ணத்தின் அடியில் செந்நிறம் படிகிறது. அதை எரிசாராயத்தில் கரைத்து, நிறத்தின் அடர்த்தியை அளந்தால் லிட்டருக்கு 0.1 முதல் 1 மில்லிகிராம் வரை துல்லியமாகச் சொல்லலாம். நம்மைக் கவலைப்படுத்தும் எல்லையும் அதற்குள்தான் இருக்கிறது. கல்லூரி வேதியியல் கூடத்தில் செய்யக்கூடிய சோதனை இது. கடலோரக் கிராமங்களில் குடம் கணக்கில் விற்கும் சிறிய ஆர்ஓ நிலையங்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் உவர்நிலத்தடி நீருக்கான குறையழுத்தச் சவ்வுகள் கடல்நீர்ச் சவ்வுகளைவிட அதிகப் போரானை விட்டுவிடுகின்றன. அந்த நிலையங்களின் சுவரில் தொங்கும் அட்டையில் உப்பின் அளவு மட்டுமே இருக்கிறது; கீழே போரானுக்கும் ஒரு வரி சேர வேண்டும். பெரிய ஆலைக்கு வரம்பை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிட வேண்டும். கட்டி முடித்த ஆலையில் இரண்டாம் சவ்வுக்கோ பிசின் தொட்டிக்கோ இடம் தேடுவது பெருஞ்செலவு. அஷ்கெலோனில் கட்டுவதற்கு முன்பே 0.4 என்ற எண்ணை வைத்ததால்தான் அதற்கேற்ற சவ்வு அடுக்குகளை முதலிலிருந்தே வடிவமைத்தார்கள். முள்ளக்காட்டுத் தண்ணீர் தொழிற்சாலைக்குத்தானே என்று இந்த எண்ணை விட்டுவிட்டால், பின்னொரு கோடையில் அதே குழாயை நகரத்துக்குத் திருப்பும்போதும், நகரத்தின் கழிவுநீரைத் தோட்டத்துக்குத் திருப்பும்போதும், அதைச் சேர்க்க இடமிருக்காது.